முத்திரையும் மொழியும்

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், சீனத்துக் குவாங்சோ நகரிலிருந்து இயந்திரம் தருவிக்கும் ஒப்பந்தத்தைக் கொணர்ந்து காட்டினார். ஆங்கிலமும் சீனமும் அருகருகே இருந்தன. முரண் தோன்றின் சீன வாசகமே செல்லும் என்பது விதி.

"கையெழுத்து இருக்கிறதே, ஐயா" என்றார். சீனத்திலோ கையெழுத்தினும் நிறுவனத்தின் பதிவுபெற்ற செம்முத்திரையையே பெரிதும் நோக்குவர். அது அத்தாளில் இல்லை. அண்டை வீட்டுச் சீனப்பள்ளி ஆசிரியரிடம் அவரை அழைத்துச் சென்றேன். முன்பணம் எந்நிலையிலும் திரும்பாது என்னும் வரி சீனத்தில் மட்டுமே இருந்தது! மாணவர் பணம் அனுப்புவதை நிறுத்தினார். வாசகத்தைத் திருத்தி, முத்திரையிட்டுத் தருமாறு கேட்டெழுதினார்.

சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டு தமிழர் நாட்டிய கல்வெட்டில், தமிழின் கீழ்ச் சீன எழுத்தும் உண்டு. கடல் கடந்த முன்னோர் பிறர் மொழியைப் புறக்கணித்தாரல்லர். நம் மாணவர் தமிழைத் திருந்தக் கற்று, சீனமும் பயில விழைந்தால், தமிழாசிரியராகிய நாம் அதனை ஊக்குவித்தல் வேண்டும்.