தள்ளத் தெரியாத தசைகள்

தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. படிக்கிற காலத்தில் முதல் வருடமே கற்றுக்கொண்டது இது. கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக் பக்கத்துத் தோட்ட மக்களுக்குப் பிசியோதெரபி செய்யத் தொடங்கிய பிறகுதான், என் தொழில் முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது என்று விளங்கியது.

இங்கே ஒருவரின் உடம்பைப் படிக்க வேண்டுமானால் முதலில் அவர் செய்த வேலையைப் படிக்க வேண்டும். மலேசியாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது இந்த வட்டாரத்தில்தான். 1917-இல் ஹென்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தென்னமரம் தோட்டத்தில் நட்டார். தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் இங்கே ரப்பர் பால் வெட்டினார்கள். பிறகு செம்பனைக் குலை வெட்டினார்கள். இன்று குலை வெட்டுகிறவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். ஆள் மாறினாலும், அந்த வேலை உடம்பிடம் கேட்பது மாறவில்லை.

இளமரத்தில் குலை வெட்ட, கம்பின் முனையில் பொருத்திய உளியால் காம்பைக் குத்தித் தள்ளுவார்கள். பார்ப்பதற்கு முழுக்க முழுக்கத் தள்ளுகிற வேலை. உள்ளே நடப்பது வேறு. மேற்கையின் பின்தசை முழங்கையின் பின்முனையை இழுப்பதால் கை நீள்கிறது. விலாவை ஒட்டிய தசை தோள்பட்டை எலும்பை முன்னால் இழுக்கிறது. புட்டத்துத் தசை தொடையெலும்பைப் பின்னால் இழுக்க, இடுப்பு நிமிர்கிறது. கெண்டைத் தசை குதிகாலை மேலே இழுக்க, பாதம் மண்ணை அழுத்துகிறது. இத்தனை இழுப்புகளையும் எலும்புகள் நெம்புகோல்களாக நின்று ஒரே தள்ளலாக மாற்றித் தருகின்றன. தசைநாருக்குள் ஆக்டின், மயோசின் என்ற இரு வகைப் புரத இழைகள் ஒன்றையொன்று கடந்து உள்நோக்கிச் சறுக்குவதால்தான் தசை சுருங்குகிறது என்று 1954-இல் இரு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே விளக்கின. சுருங்கிய தசை தானாக நீளாது. எதிர்ப்பக்கத் தசையோ புவியீர்ப்போ அதை நீட்டிவிட வேண்டும். ஆகவே வலியோடு வருகிறவரிடம் நான் முதலில் தேடுவது, இழுக்க வேண்டிய எந்தத் தசை இழுக்காமல் இருக்கிறது என்பதைத்தான்.

மரம் உயர்ந்ததும் உளி போய், நீண்ட கம்பில் கட்டிய அரிவாள் வரும். அண்ணாந்து பார்த்தபடி, கைகளை உயர்த்தி, வெட்டி இழுக்க வேண்டும். இதில் முதலில் அடிபடுவது தோள். தோள் மூட்டின் கிண்ணம் மிகவும் ஆழமில்லாதது, பந்து பெரியது. கையை உயர்த்தும் பெரிய தசை பந்தை மேல்நோக்கியும் இழுக்கும். அதைக் கிண்ணத்திலேயே பிடித்துவைப்பவை சுற்றியுள்ள நான்கு சிறு தசைகள். அவை சோர்ந்தால், மேலே உள்ள தசைநாண் எலும்பின் அடியில் நசுங்கும். கை முழுதாக உயர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோள்பட்டை எலும்பின் திருப்பத்தால் வருகிறது. அந்த எலும்பு நன்றாகத் திரும்ப மேல்முதுகு நிமிர வேண்டும்.

"தோள்தான் தம்பி நோவுது, முதுகை எதுக்குப் பார்க்கிற?" என்று பெரியவர்கள் கேட்பார்கள்.

"கூன் போட்டு உக்காந்து கையைத் தூக்குங்க ஐயா. இப்ப நிமிர்ந்து தூக்குங்க" என்பேன்.

இரண்டாவது முறை கை இன்னும் மேலே போகும். அதற்குப் பிறகு என் விளக்கம் எதுவும் தேவைப்படாது. இதைப் படிக்கிறவரும் இப்போதே செய்து பார்க்கலாம்.

விழுந்த குலையைத் தூக்குவதும் நெம்புகோல் கணக்குத்தான். கீழ்முதுகின் தசை, முள்ளெலும்பு திரும்பும் புள்ளிக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. 20 கிலோ குலையை 40 சென்டிமீட்டர் முன்னால் வைத்துத் தூக்கினால், உடம்பின் சொந்த எடையைச் சேர்க்காமலே அந்தத் தசை 160 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். குலையை 20 சென்டிமீட்டருக்குள் கொண்டுவந்தால் சுமை பாதியாகும். அதனால்தான் "இடுப்பை வளைக்காதே" என்று சொல்வதைவிட "கிட்டக் கொண்டு வந்து தூக்கு" என்று சொல்கிறேன்.

பால் வெட்டிய அம்மாக்களின் கதை வேறு. வெட்டுப்பட்டை கீழே இறங்க இறங்க அவர்கள் முதுகும் இறங்கியது. தோளில் காண்டாக் கம்பு, இருபுறமும் பால் வாளி. அன்று அந்த நடையும் சுமையும் எலும்புக்கு உரமாகவும் இருந்தன. எலும்பு தன் மேல் விழும் சுமைக்கேற்பத் தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்ளும் என்று ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இலேயே எழுதினார். வேலை நின்று, தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்துவிட்ட பிறகு அந்த உரமும் நின்றுவிடுகிறது. எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது இறுக்கத்தைத் தளர்த்தும், மனதுக்கும் இதம் தரும். ஆனால் இழுக்கும் வலிமையைத் திருப்பித் தராது. அதைத் தருவது பயிற்சி மட்டுமே.

வயதானால் அது முடியாது என்பது உண்மையல்ல. 1990-இல் அமெரிக்காவின் போஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் குழுவினர், முதியோர் இல்லத்தில் இருந்த தொண்ணூறு வயதையொட்டிய சிலருக்கு எட்டு வாரம் தொடைத்தசைப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களின் தசைவலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது.

எனவே தோட்டங்களை நடத்துவோரிடம் நான் கேட்பது, காலைப் பிரட்டில் பெயர் கூப்பிட்ட கையோடு ஐந்து நிமிடம் தோளுக்கும் முதுகுக்கும் ஒதுக்குங்கள் என்பதே. பிள்ளைகளிடம் கேட்பது இன்னும் சிறியது. உங்கள் அம்மாவையோ அப்பாவையோ கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லை என்றால், வயசாயிடுச்சு என்று விட்டுவிடாதீர்கள். கொஞ்சம் உயரமான நாற்காலியில் தொடங்கி, தினமும் சில முறை, பக்கத்தில் நின்று எழுப்பிப் பழக்குங்கள். வலி கூடினால் மட்டும் எங்களிடம் அழைத்து வாருங்கள்.