புது கம்ப்யூட்டர் வந்துச்சு, பழைய ரிப்போர்ட் திறக்கல!

1) கம்ப்யூட்டர் பத்தி டாக்டர் ஏன் எழுதறார்னு கேக்காதீங்க. இது ஒருத்தரோட நுரையீரல் சம்பந்தப்பட்ட விஷயம்.

2) நூல் மில் தொழிலாளி, 50 வயசு தாண்டினவர். பீடி பழக்கம் இல்லை. "மாடி ஏறினா மூச்சு வாங்குது சார்"னு வந்தார். ஸ்பைரோமெட்ரி எடுத்தோம். குழாய்ல வேகமா ஊதச் சொல்வோமே, அதுதான். முதல் நொடியில வெளியே வந்த காத்து 1.5 லிட்டர்.

3) வயசாக ஆக எல்லாருக்குமே இது வருஷத்துக்குச் சுமார் 30 மில்லி குறையும். இவருக்கு அதைவிட வேகமா குறையுதா? பழைய ரிப்போர்ட் வேணும். மூணு வருஷம் முன்னாடி இங்கேயே ஊதியிருக்கார். அவர் கையில இருந்த தாள் தொலைஞ்சு போச்சு.

4) எங்க பழைய கம்ப்யூட்டரும் அதுக்குள்ள செத்துப்போச்சு. ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பிச்சது. அதுல இருந்த ஃபைல்களைப் புது விண்டோஸ் 10-க்கு மாத்தினோம். ஆனா பழைய சாஃப்ட்வேர் இல்லாம அது திறக்காது. அதை இன்ஸ்டால் பண்ணப் போனா, "இந்தக் கம்ப்யூட்டர்ல இது ஓடாது"ன்னு வருது.

5) கம்பேட்டிபிலிட்டி மோடு போட்டுப் பார்த்தோம். அது செய்யறது, புரோகிராமை 'இது பழைய விண்டோஸ்தான்'னு நம்ப வைக்கிற வேலை. பல சாஃப்ட்வேருக்கு அது போதும். எங்களோடது 16 பிட். 64 பிட் விண்டோஸ்ல 16 பிட் புரோகிராமை ஓட்டுற பகுதியே கிடையாது. என்ன டிக் போட்டாலும் நடக்காது.

6) லேப் டெக்னீஷியன் தம்பிதான் வழி சொன்னார்: வர்ச்சுவல்பாக்ஸ். இலவசம். கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி. பீரோல கிடந்த எக்ஸ்பி சிடியை அதுல போட்டோம். சாஃப்ட்வேர் ஓடுச்சு!

7) ஒண்ணு மறக்காதீங்க. அந்த எக்ஸ்பிக்கு நெட் கனெக்‌ஷனைத் துண்டிச்சிடணும். 2014 ஏப்ரல் 8-லயே அதுக்கான சப்போர்ட் முடிஞ்சுது. 2017 மே மாசம் வான்னாக்ரை வைரஸ் இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளை முடக்கினது ஞாபகம் இருக்கா? அதுல சிக்கினதுல பெரும்பாலானவை அப்டேட் பண்ணாத விண்டோஸ் 7.

8) பழைய ரிசல்ட்: 2.1 லிட்டர். மூணு வருஷத்துல 90 மில்லி குறைய வேண்டியது, 600 மில்லி குறைஞ்சிருக்கு. மெஷின் மாறினதால மட்டும் இவ்வளவு வித்தியாசம் வராது. பஞ்சுத் தூசு படாத பிரிவுக்கு மாத்தச் சொல்லி மில்லுக்கு லெட்டர் கொடுத்தேன். இன்ஹேலரும் ஆரம்பிச்சாச்சு.

9) புது கம்ப்யூட்டர் வந்தப்போ சந்தோஷமா கையெழுத்துப் போட்டவன் நான்தான். "பழைய ரிப்போர்ட் இதுல திறக்குமா?"ன்னு ஒரு வார்த்தை கேக்கலை.

10) நீங்க கேளுங்க. கடைக் கணக்கோ, ஸ்கேன் ரிப்போர்ட்டோ, பழைய சாஃப்ட்வேர் திறக்கும்போதே எல்லாத்தையும் பிடிஎஃப்பா எடுத்து வைங்க. இன்ஸ்டால் சிடியையும் அதோட கீயையும் தூக்கிப் போடாதீங்க. பழைய டிஸ்க்கைக் காப்பி எடுக்காம எடைக்குப் போடாதீங்க.

இப்போ எங்க பழைய ரிப்போர்ட்டை எல்லாம் ஒவ்வொண்ணா பிடிஎஃப் ஆக்கிட்டு இருக்கோம்.