காயலான் கடையில் கிடைத்த 12 வோல்ட்

போன வாரம் பேத்தி வந்து நின்றாள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்குத் துறைமுகம் செய்கிறாளாம். அட்டையில் கப்பல், பக்கத்தில் கிரேன். விளக்குப் பட்டைக்கு 12 வோல்ட் வேண்டும், கிரேன் மோட்டாருக்கு 5 வோல்ட் வேண்டும்.

"தாத்தா, ஆன்லைன்ல பவர் சப்ளை 3,000 ரூபா போட்டிருக்கான்."

"அவ்ளோ எதுக்கும்மா? இரு, வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கத்தில் குடியிருந்துகொண்டு இதற்குப் போய்ப் புதுசு வாங்குவதா?

காயலான் கடையில் பழைய கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி ஒன்று கிடைத்தது. பேரம் பேசி 150 ரூபாய்க்கு முடித்தேன். மஞ்சள் ஒயருக்கும் கறுப்புக்கும் நடுவே 12 வோல்ட். சிவப்புக்கும் கறுப்புக்கும் 5. ஆரஞ்சுக்கும் கறுப்புக்கும் 3.3. பெரிய கனெக்டரில் உள்ள ஒரே பச்சை ஒயரை ஏதாவது ஒரு கறுப்போடு சேர்த்தால் பெட்டி ஓடத் தொடங்கும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. அட்டைத் துறைமுகத்துக்குப் போகும் ஒயர்களில் சின்ன பியூஸ் போட்டேன். இந்தப் பெட்டி 10 ஆம்பியருக்கு மேலும் தரும், மெல்லிய ஒயர் ஷார்ட் ஆனால் உருகிவிடும்.

"தாத்தா, இதைத் தொடலாமா?" என்று கேட்டாள் பேத்தி.

அந்தக் கேள்வியில் எனக்கு 1981 ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது வீட்டில் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ. அம்மா சமைக்கும்போது இலங்கை வானொலி பாடிக்கொண்டே இருக்க வேண்டும். நாலு கட்டை பேட்டரி, மொத்தம் 6 வோல்ட். மாதக் கடைசியில் பேட்டரி தீர்ந்தால் வெயிலில் காயவைத்து மறுபடி போடுவோம். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க நானே எலிமினேட்டர் செய்யக் கிளம்பினேன்.

டிரான்ஸ்பார்மர்தான் விலை அதிகம். அது இல்லாமலே, ஒரு கண்டென்சரை வைத்து 230 வோல்ட்டைக் குறைக்கும் சர்க்யூட் ஒன்று நண்பனிடம் கிடைத்தது. மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் பொறுக்கி, சில ரூபாயில் முடித்துவிட்டேன். மீட்டரில் 6 வோல்ட் காட்டியது. ரேடியோ பாடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் காலை. ஈரத் தரை, ஈரக் கை. ஸ்டேஷன் கரகரக்கிறதே என்று அம்மா ஏரியலைத் தொட்டார்கள். சத்தம் கேட்டு ஓடினேன். அம்மா சுவரோரம் விழுந்து கிடந்தார்கள்.

இரண்டு முனைக்கும் நடுவே 6 வோல்ட்தான். ஆனால் அந்த இரண்டு முனையுமே வீட்டுக் கரண்டோடு நேராகச் சேர்ந்திருந்தன. ஏரியலுக்கும் தரைக்கும் நடுவே இருந்தது 230 வோல்ட். மீட்டர் பொய் சொல்லவில்லை, நான்தான் அளக்க வேண்டிய இடத்தை அளக்கவில்லை.

அப்பா கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, கால் வழுக்கிடுச்சு" என்றார்கள் அம்மா. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமையே ரிச்சி தெருவுக்குப் போய் 9-0-9 டிரான்ஸ்பார்மர் வாங்கினேன். இரண்டு டயோடு, ஒரு 1000 மைக்ரோஃபாரட் கண்டென்சர், ஒரு 7806 ஐ.சி. டிரான்ஸ்பார்மரில் இரண்டு சுருள்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை, காந்தப்புலம் வழியாகத்தான் சக்தி இந்தப் பக்கம் வருகிறது. நாம் கொடுக்கும் காசு அந்தப் பிரிவினைக்குத்தான். ஆனாலும் அம்மா கடைசிவரை அந்த ரேடியோவைக் கையால் தொடவில்லை. மரக்கரண்டியின் காம்பால்தான் திருப்புவார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் அந்தப் பிரிவினை உண்டு. 50 சைக்கிளுக்குப் பதில் ஆயிரக்கணக்கான சைக்கிளில் ஓடுவதால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் சின்னது, பெட்டியும் கனமில்லை.

உங்கள் வீட்டு அலமாரியிலும் தேடிப் பாருங்கள். பழைய செட்டாப் பாக்ஸ் அடாப்டர் பெரும்பாலும் 12 வோல்ட், சாதாரண செல்போன் சார்ஜர் 5, லேப்டாப் அடாப்டர் சுமார் 19. மேலே உள்ள லேபிளில் வோல்ட், ஆம்பியர், நடு முனை பிளஸ்ஸா மைனஸா என்று பாருங்கள். புதிதாக வாங்கினால் பி.ஐ.எஸ். முத்திரையும், 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை எர்த் உள்ள மூன்று முனை பிளக்கில் மட்டும் போடுங்கள். அதைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

பேத்திக்கு உடனே பதில் சொல்லவில்லை. எர்த் சரியாக இருக்கிறதா, மஞ்சள் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே எவ்வளவு என்று மீட்டரில் காட்டினேன். 12தான். பிறகு முதலில் நான் தொட்டேன்.

"இப்போ தொடும்மா."