மாத்திரை விற்க இத்தனை படிப்பா?

பி.பார்ம். முடித்த பெண் உங்கள் வீட்டில் இருக்கிறாளா? "மேலே எம்.பார்ம். படிக்கிறேன்" என்று அவள் வாயைத் திறந்ததும் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்பது உங்களுக்கே தெரியும். என் நாத்தனார் பெண் சொன்னபோது என் மாமியார் கேட்டார்: "மருந்துக் கடையிலே மாத்திரை எடுத்துக் கொடுக்க இன்னும் ரெண்டு வருஷமாடி?"

மருந்துக் கடைக்கு டிப்ளமா படித்துப் பதிவு செய்துகொண்டாலே போதும். வாஸ்தவம்தான். ஆனால் எம்.பார்ம். படிக்கிறவளின் வேலையே வேறு. நாம் விழுங்குகிற மாத்திரை வயிற்றுக்குள் போய்ச் சொன்ன நேரத்தில் கரைகிறதா? ஆறு கண்ணாடிப் பாத்திரங்களில் நம் உடம்புச் சூடான 37 டிகிரியில் திரவத்தை வைத்து, பாத்திரத்துக்கு ஒரு மாத்திரை போட்டு, துடுப்பு சுழலச் சுழல, இத்தனை நிமிஷத்தில் இவ்வளவு மருந்து இறங்கிற்று என்று அளப்பார்கள். டிகாக்ஷன் இறங்கக் காத்திருக்கும் நமக்கு இந்தப் பொறுமை புரியாதா என்ன!

என் நாத்தனாருக்குப் புருஷன் இல்லை. டியூஷன் சொல்லிக் கொடுத்தே பெண்ணைப் பட்டதாரி ஆக்கியவள். ஒரு பக்கம் தரகர் ஜாதகக் கட்டோடு வாசலில் நிற்கிறார். இன்னொரு பக்கம் பெண் புத்தகத்தோடு நிற்கிறாள். "நீங்களே சொல்லுங்கோ மன்னி" என்று என்னிடம் வந்தாள். பெண்ணை உட்கார வைத்து ஒவ்வொன்றாக விசாரித்தேன்.

முதலில் மார்க். நாலு வருஷ பி.பார்ம். மார்க்கையும் சேர்த்துக் கூட்டி 55 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. இந்த 'சேர்த்து' என்கிற வார்த்தை பொல்லாதது. கடைசி வருஷம் பிரமாதமாக எழுதினாலும் முதல் வருஷத்துச் சறுக்கல் கூடவே வந்து நிற்கும். எங்கள் பெண் 61 வாங்கியிருந்தாள், பிழைத்தோம்.

அடுத்தது ஜிபேட் பரீட்சை. 2010-ல் தொடங்கிய அகில இந்தியப் பரீட்சை இது. மூன்று மணி நேரத்தில் 125 கேள்விகள். சரியான விடைக்கு நாலு மார்க். தப்பாக எழுதினால் இருக்கிறதில் ஒன்று போய்விடும். ஆகையால் குருட்டு யோசனையில் குறி போடுவது ஆபத்து. பி.பார்ம். கடைசி வருஷத்திலேயே எழுதலாம். இதில் தேறாமலே இடம் கொடுக்கும் கல்லூரிகளும் உண்டு. ஆனால் தேறியவர்கள், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் அங்கீகரித்த கல்லூரியில் சேர்ந்தால், மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கேட்டுப் பெறலாம். நாத்தனாரின் முகம் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிந்தது. அதற்காகக் கல்லூரிச் சம்பளத்தையே அதில் கட்டிவிடலாம் என்று இருந்துவிடாதீர்கள். சம்பளத்தைச் சேரும்போதே கேட்பார்கள்!

மூன்றாவதுதான் எங்களை ஆட்டி வைத்தது. மாநில பார்மஸி கவுன்சிலில் மருந்தாளுநராகப் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் செய்தாக வேண்டும். தவறினால் சேர்க்கையே ரத்து. மார்க்கும் பரீட்சையும் எல்லோர் கண்ணிலும் படுகின்றன. இந்த ஒரு காகிதத்தை யாரும் நினைப்பதில்லை. எங்கள் பெண்ணின் பிளஸ் டூ சர்டிபிகேட்டில் அப்பாவின் பெயர் ஒற்றை எழுத்து இனிஷியலாக இருந்தது. கல்லூரிச் சர்டிபிகேட்டில் முழுப் பெயராக நீண்டிருந்தது. இரண்டும் ஒரே பெண்தானா என்று கேள்வி வந்துவிட்டது. பணம் கட்டிச் சேர்ந்தாகிவிட்டது. காலண்டரில் தாள் தாளாகக் கிழிகிறது. நாத்தனார் டியூஷனை நிறுத்திவிட்டுக் காகிதத்தோடு அலைந்தாள். இருபத்தாறாம் நாள் பதிவு கிடைத்தது. அன்று ராத்திரிதான் அந்த வீட்டில் எல்லோரும் சரியாகத் தூங்கினார்கள். பி.பார்ம். முடித்த கையோடு இதைச் செய்துவிட்டால் இந்தத் திண்டாட்டமே இல்லை.

எந்தப் பிரிவு எடுப்பது என்பதில் வேறொரு ரகளை. மருந்து உடம்பில் செய்யும் வேலையை ஆராயும் பார்மகாலஜி பிடித்திருந்தது. அதில் எலிகளை வைத்துச் சோதனை உண்டு, அதற்கென்று இருக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும் என்றாள் பெண். "எலியா!" என்று மாமியார் எழுந்தே போய்விட்டார். மூலிகைகளை ஆராயும் பார்மகாக்னஸி, மருந்தின் தரத்தைப் பரிசோதிக்கும் பிரிவு என்று இன்னும் பல இருக்கின்றன. கடைசியில் மாத்திரை, களிம்பு முதலியவற்றை உருவாக்கும் பார்மஸூட்டிக்ஸில் சேர்ந்தாள். பாட்டிக்குப் பயந்து அல்ல, அதுதான் தனக்கு வருகிறது என்று சொல்லித்தான்.

நாலு செமஸ்டரில் முதல் இரண்டு பாடமும் லாபரேட்டரியும். மற்ற இரண்டும் பெரும்பாலும் ஆராய்ச்சி. அதை எழுதிக் கொடுத்து, பரீட்சகர்கள் எதிரில் நின்று பதில் சொல்ல வேண்டும். இப்போது மூன்றாவது செமஸ்டர். எட்டு மணி நேரம் சிறுகச் சிறுகக் கரைய வேண்டிய மாத்திரை ஒன்று இரண்டே மணியில் கரைந்து தொலைக்கிறது என்று, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஒரே புலம்பல். அது சரியாகிற வரையில் ஜாதகம் எதையும் கொண்டு வர வேண்டாம் என்று தரகரிடம் நாத்தனாரே சொல்லி அனுப்பிவிட்டாள்.