ஐந்து வினாடி

நான் படிப்பது பி.காம். கேமரா, மெமரி என்று எழுத உனக்கென்ன தகுதி என்று வகுப்பு நண்பர்கள் சிரிக்கலாம். சிரியுங்கள், ஆனால் முழுவதும் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

அப்பாவின் மளிகைக் கடையில் கேமரா மாட்டியபோது செட்டிங் எல்லாம் செய்தது நான்தான். நாள் முழுக்கப் பதிந்தால் ஹார்டு டிஸ்க் சீக்கிரம் நிரம்பிவிடுமே என்று, அசைவு தெரிந்தால் மட்டும் பதியும்படி வைத்தேன். மின்விசிறிக் காற்றில் காலண்டர் ஆடினாலே பதிய ஆரம்பித்ததால் சென்சிட்டிவிட்டியையும் குறைத்தேன். மெனுவில் ப்ரீ ரெக்கார்டு, போஸ்ட் ரெக்கார்டு என்று இரண்டு இருந்தன. முதலாவதற்குப் பூஜ்யம், இரண்டாவதற்கு 5 வினாடி. எவ்வளவு சிக்கனம்!

ஒருநாள் இரவு கல்லாவில் 500 ரூபாய் குறைந்தது. பதிவைப் போட்டுப் பார்த்தோம். ஒரு துண்டில் அப்பா சில்லறை கொடுத்துவிட்டு போனை எடுக்கத் திரும்புகிறார். அதோடு முடிந்துவிடுகிறது. அடுத்த துண்டு தொடங்கும்போதே கடைப் பையனின் கை கல்லாவின் மேல் இருக்கிறது, தள்ளி மூடுகிறான். "தெறந்து கெடந்துச்சுண்ணே, மூடினேன்" என்றான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மறுவாரம் அவன் வேலைக்கு வரவில்லை.

பிறகுதான் தேடிப் படித்தேன். டிஸ்கில் பதியாத நேரத்திலும் கருவி பார்த்துக்கொண்டேதான் இருக்கிறதாம். கடைசிச் சில வினாடிகளை மெமரியில் வைத்து, பழையதை அழித்து அதே இடத்தில் புதியதை எழுதிக்கொண்டே இருக்கும், சிலேட்டு மாதிரி. ட்ரிக்கர் வந்ததும் சிலேட்டில் இருப்பதையும் சேர்த்து டிஸ்கில் ஏற்றிவிடும். கார்களில் ஏர்பேக்கோடு இணைந்த பதிவுக் கருவியும் இப்படித்தான். மோதலுக்கு முந்தைய 5 வினாடிகளில் வேகம் என்ன, பிரேக் பிடித்தாரா என்பதெல்லாம் அதில் இருக்கும். அது போதாது என்று 2024 டிசம்பரில் அமெரிக்க சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 20 வினாடியாக உயர்த்தி விதி வெளியிட்டது. வினாடிக்கு 2 முறை என்றிருந்த அளவீட்டையும் 10 ஆக்கியது.

நான் வைத்திருந்தது பூஜ்யம். வெறும் 5 வைத்திருந்தால்கூட கல்லா முன்பே திறந்து கிடந்ததா, அவன் திறந்தானா என்று தெரிந்திருக்கும். அந்த 500 ரூபாய் கடைசிவரை கணக்கில் வரவில்லை. அப்பா யாருக்காவது கொடுத்துவிட்டு எழுத மறந்திருக்கலாம். அவருக்கு அந்தப் பழக்கம் உண்டு, கேஷ் புக் போடுகிற எனக்குத் தெரியாதா?

இப்போது முன்னே 10, பின்னே 30 வினாடி வைத்திருக்கிறேன். பையன் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு செல்போன் கடையில் இருக்கிறான். போன மாதம் ரீசார்ஜ் செய்யப் போனேன். "அப்பா நல்லாருக்காங்களாண்ணே?" என்று கேட்டான். மீதிப் பணத்தை என் கண்முன்னால் இரண்டு முறை எண்ணிக் கொடுத்தான்.