பதிவுக் கெடுவும் பண்டிகை நாளும்

நம் வீடுகளில் சர்க்கார் நாட்காட்டியும் பஞ்சாங்கமும் அருகருகே தொங்குகின்றன. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இரண்டும் வேண்டும். ஒன்று சொல்லும் நாளும் மற்றொன்று சொல்லும் நாளும் மோதும்போது நேரும் சங்கடத்தை நாம் அறிவோம். அச்சங்கடம் வாக்குரிமையைத் தொடுமானால் என்னாகும் என்பதை யூத மக்களின் அனுபவம் விளக்குகிறது.

யூதர்க்கு நாள் என்பது சூரிய அஸ்தமனத்தில் தொடங்குவது. ஆசாரம் வழுவாத யூதர், வெள்ளி மாலை முதல் சனி இரவு வரையிலும், பெருநாட்களிலும் எழுதமாட்டார், கையொப்பமும் இடமாட்டார். ஆகவே மனுவை நிரப்பிக் கையெழுத்திடவேண்டிய வாக்காளர் பதிவு அந்நாட்களில் அவருக்கு இயலாத காரியம்.

அமெரிக்காவில் பொதுத் தேர்தல் நவம்பர்த் தொடக்கத்தில் வருகிறது. பல மாநிலங்கள் அதற்கு மூன்று, நான்கு வாரங்கள் முன்னரே பதிவை முடித்துவிடுகின்றன. யூதரின் புத்தாண்டும், பாவநிவிர்த்தி நோன்பும், கூடாரப் பெருநாளும் அடுத்தடுத்து வரும் பருவமும் அதுவே. 2016இல் வர்ஜீனியா மாநிலத்தில் பதிவின் கடைசி நாள் அக்டோபர் 17. கூடாரப் பெருநாளின் முதல் நாளும் அதுவே. அவ்வாண்டு கெடு 21 வரை நீட்டப்பட்டது உண்மைதான். ஆனால் அது திருநாளை எண்ணி அன்று. பதிவுக்கான இணையத்தளம் தடுமாறியதால் நீதிமன்றம் அளித்த சலுகை!

கனடாவில் 2019 அக்டோபர் 21ஆம் நாள் வாக்குப்பதிவு நாளாக அமைந்தது. அதுவும் யூதரின் பெருநாள். முன்கூட்டி வாக்களிக்க விட்ட நான்கு நாட்களிலும் ஓய்வுநாளும் பெருநாளும் குறுக்கிட்டன. வேட்பாளர் ஒருவரும் வாக்காளர் ஒருவரும் வழக்குத் தொடுத்தனர். ஜூலையில் நீதிமன்றம் மறுபரிசீலனை செய்யுமாறு பணித்தது. தலைமைத் தேர்தல் அதிகாரியோ, காலம் கடந்துவிட்டதென்று நாளை மாற்றப் பரிந்துரைக்க மறுத்தார். யூதரின் பெருநாட்களைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கணித்துச் சொல்லிவிடலாம். நாள் குறிக்கும்போதே ஒருமுறை நோக்கியிருந்தால் வழக்குக்கே இடமிருந்திராது அல்லவா?

நிற்க. நம் நாட்டிலும் இம்மோதல் உண்டு. 2019 ஏப்ரல் 18 அன்று மதுரையில் சித்திரைத் தேரும் வாக்குப்பதிவும் ஒன்றாக வந்தன. நாள் மாறவில்லை; வாக்களிக்கும் நேரம் இரவு 8 மணி வரை நீண்டது. 2024இல் பாலக்காட்டு இடைத்தேர்தல், கல்பாத்தித் தேர்த்திருவிழாவை முன்னிட்டு நவம்பர் 13இலிருந்து 20க்கு மாற்றப்பட்டது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாய் வாழும் அக்கிரகாரத்தின் திருவிழா அது. நாளை மாற்றலாம், நேரத்தை நீட்டலாம். மனம் இருந்தால் வழி உண்டு.

வாக்களிக்கும் நாள் மோதினால் ஊரே பேசுகிறது. பதிவு நாள் மோதினால் பேசுவார் இல்லை. ஆனால் பட்டியலில் பெயர் இல்லாதவனுக்குத் தேர்தல் நாள் எதுவாயின் என்ன? குடிபெயர்ந்த நமக்கு இக்கவலை இரட்டிப்பு. வீடு மாறுகிறோம், பட்டியல் திருத்தம் நடக்கும் வேளையில் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போய்விடுகிறோம். பதினெட்டு வயது நிறைவதைக் கணக்கிட 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களின் முதல் தேதிகள் நான்கும் கொள்ளப்படுகின்றன. இது நம் பிள்ளைகளுக்கு நல்ல வசதி. புதிதாய்ச் சேர்வோர் படிவம் 6ஐயும், வீடு மாறியோர் படிவம் 8ஐயும் பயணச்சீட்டு வாங்கும் முன்னரே கொடுத்துவிடுதல் நலம்.

இன்னொன்றும் நம் கடமை. சங்கத்தில் பதிவு முகாமுக்கு நாள் குறிக்கையில், நம் பஞ்சாங்கத்தை மட்டும் பார்த்தால் போதாது. ரம்ஜான் நோன்பிருக்கும் அண்டை வீட்டாரையும், ஞாயிறு காலை தேவாலயம் செல்லும் அண்டை வீட்டாரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம்.