எந்தக் கட்சி, பிள்ளை?

கல்விச்சபைத் தேர்தலில் நிற்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கட்சி, பிள்ளை?" கட்சி இல்லை என்றதும் கேட்டவரின் முகம் வாடிவிடும். ஒன்ராறியோவில் நகரசபைத் தேர்தலும் அதோடு சேர்ந்து வரும் கல்விச்சபைத் தேர்தலும் கட்சிப் பெயரோ சின்னமோ இல்லாமல்தான் நடக்கின்றன. வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயர் மட்டும் இருக்கும், அதுவும் குடும்பப் பெயரின் ஆங்கில அகரவரிசையில். அப்பாவின் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்டு வந்து இறங்கிய எங்களுக்கு அந்த வரிசையில் எந்த இடம் என்பதை, எப்போதோ அப்பப்பா தன் மகனுக்கு வைத்த பெயர் தீர்மானிக்கிறது. எனக்கு 'எஸ்' வாய்த்தது. பெயரும் நீளம் என்பதால் பதாகை அச்சடித்தவர் எழுத்தைச் சுருக்கிச் சுருக்கி, கடைசியில் காரில் போகிறவர் வாசிக்க முடியாத அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

நான் நின்றது 2018 இல், ஸ்காபரோவில், ரொறன்ரோ மாவட்டக் கல்விச்சபைக்கு. அது ஒன்றும் எங்களவர் போகாத வழியல்ல. 2006 இல் நீதன் சண் யோர்க் பிராந்தியக் கல்விச்சபைக்குத் தெரிவாகியிருந்தார். 2014 இல் பார்த்தி கந்தவேள் ரொறன்ரோவில் வென்றார். நிற்பதற்கான தகுதிகளும் கடுமையானவை அல்ல: பதினெட்டு வயது, குடியுரிமை, சபையின் எல்லைக்குள் குடியிருப்பு. நகரசபைக்குப் போட்டியிடுபவர் 25 வாக்காளரிடம் கையொப்பம் வாங்கவேண்டும். கல்விச்சபை உறுப்பினரான ட்ரஸ்டிக்கு அதுவும் தேவையில்லை. கட்டுப்பணம் 100 டொலர். ஊரில் கட்டுப்பணம் இழப்பது மானம் போகும் சங்கதி. இங்கே படுதோல்வி கண்டாலும் வரவுசெலவுக் கணக்கை உரிய நாளுக்குள் ஒப்படைத்தால் காசு திரும்பி வந்துவிடும்.

கணக்கு என்றதும் நினைவுக்கு வருவது கடைக்காரர்கள். "கடைப் பேரில செக் எழுதட்டே, தங்கச்சி?" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். நிறுவனத்திடமிருந்து ஒரு சதமும் வாங்கக்கூடாது, தனியாளாக 1,200 டொலர் வரை தரலாம் என்று சொன்னதும் செக் புத்தகம் மேசைக்குள் போய்விடும். நகரசபை வேட்பாளருக்குக் காசு கொடுத்தால் அதில் ஒரு பகுதியை ரொறன்ரோ நகரம் கொடுத்தவருக்கே திருப்பித் தரும். ட்ரஸ்டி வேட்பாளருக்குக் கொடுப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. பள்ளிக்கூடத்துக்காகக் கேட்பவருக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அந்த வருடம் வேறு கூத்தும் நடந்தது. வேட்புமனு முடிகிற நாளான ஜூலை 27 அன்று, மாகாண முதல்வர் டக் ஃபோர்ட் ரொறன்ரோவின் 47 வட்டாரங்களை 25 ஆகக் குறைக்கப்போவதாக அறிவித்தார். நகரசபை வட்டாரம் மாறினால் கல்விச்சபை வட்டாரமும் மாறியாகவேண்டும். ட்ரஸ்டிகளின் தொகை 22 ஆகவே இருந்தது, கோடுகள்தான் இடம்மாறின. ஏற்கெனவே கதவு தட்டிவிட்டு வந்த தெருக்கள் சில எல்லைக்கு வெளியே போயின. துண்டுப்பிரசுரத்தில் போட்டிருந்த வரைபடம் பிழையாகிவிட்டது. குசினி மேசையில் பிள்ளைகளை இருத்தி அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டவைத்தேன். செப்டெம்பர் 10 ஆம் தேதி ஒரு நீதிபதி, வட்டாரங்களைக் குறைத்த சட்டம் செல்லாது என்றார். "அம்மா, இப்ப உரிக்கிறதோ?" என்று சின்னவன் கேட்டான். பொறு என்றேன். 19 ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. ஸ்டிக்கர் தப்பியது.

அப்பார்ட்மென்ட் கட்டடங்களில் கீழ்வாசலிலேயே மறிப்பார்கள். காலை 9 மணியிலிருந்து இரவு 9 மணி வரை வேட்பாளர் கதவு தட்டுவதைக் கட்டட நிர்வாகம் தடுக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்தப் பிரிவை அச்செடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். உள்ளே போனால் பாதிப் பேர் குப்பை எடுக்கவில்லை, பஸ் நேரத்துக்கு வருவதில்லை என்பார்கள். ஒரு அம்மா கதவைத் திறந்து, தண்ணியும் தந்து, கடைசியில் சொன்னார்: "நான் கத்தோலிக்கம். உனக்குப் போட ஏலாதாம், மோனை."

அவர் சொன்னது சரிதான். இங்கே அரசு செலவில் நடக்கும் பள்ளிகள் நான்கு வகை: ஆங்கிலப் பொதுப் பள்ளி, ஆங்கிலக் கத்தோலிக்கம், பிரெஞ்சுப் பொது, பிரெஞ்சுக் கத்தோலிக்கம். வாக்காளர் எதை ஆதரிப்பவராகப் பதிந்திருக்கிறாரோ அந்தச் சபைக்கான வேட்பாளர்களே அவருடைய வாக்குச்சீட்டில் இருப்பார்கள். ஒன்றும் பதியாதவரை ஆங்கிலப் பொதுப் பள்ளிக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். பேரப்பிள்ளைகள் கத்தோலிக்கப் பள்ளியில் படிக்க, பாட்டனார் பொதுச் சபைக்கு வாக்களிப்பது இப்படித்தான்.

குப்பையைப் பற்றிக் கேட்காதவர்கள் பொலிசைப் பற்றிக் கேட்டார்கள். 2007 இல் ரொறன்ரோவின் ஒரு உயர்பள்ளிக்குள் ஜோர்டன் மனர்ஸ் என்ற மாணவன் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, 2008 இல் சில பள்ளிகளில் பொலிசாரை நிறுத்தினார்கள். 2017 நவம்பரில் ட்ரஸ்டிகள் வாக்கெடுத்து அந்தத் திட்டத்தை முடித்தார்கள். "நீங்கள் வந்தா பொலிசைத் திரும்பக் கொண்டுவருவியளோ?" என்று ஒரு தகப்பன் கேட்டார். இல்லை என்று நான் சொல்லுமுன், பின்னால் நின்ற அவருடைய மகளே "அப்பா, அவங்கள் எங்களைத்தானே மறிச்சவங்கள்" என்றாள். இருவரும் எனக்கு முன்னாலேயே வாதாடத் தொடங்கிவிட்டார்கள். அந்த வாக்கெடுப்பு யாரால் நடந்தது என்று இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. கல்விச்சபை என்றால் என்ன என்று நான் விளக்கிய எத்தனையோ வாசல்களில், உடனே விளங்கிய ஒரே வாசல் அதுதான்.

கதவைத் திறக்கவைத்த இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து முற்றாக வெளியேற்றுவதா என்பதை அதிபர் தனியே முடிவுசெய்ய முடியாது. குறைந்தது மூன்று ட்ரஸ்டிகள் கொண்ட குழு இருபக்கமும் கேட்டுத் தீர்மானிக்கவேண்டும். இதைச் சொன்னபோது, உயர்பள்ளியில் ஆண்பிள்ளைகள் படிக்கும் தாய்மார் பாதி திறந்த கதவை முழுதாகத் திறந்தார்கள்.

நான் தோற்றேன். வென்றிருந்தாலும் பெரிதாக எதையும் புரட்டியிருக்க மாட்டேன். 1997 இல் மைக் ஹாரிஸ் அரசு 129 பெரிய கல்விச்சபைகளை 72 ஆக்கி, வரி விதிக்கும் அதிகாரத்தைப் பறித்து, ட்ரஸ்டியின் கொடுப்பனவுக்கு வருடம் 5,000 டொலர் என்று உச்சவரம்பும் வைத்தது. அன்றிலிருந்து பணப்பை மாகாணத்தின் கையில். 2025 ஜூனில் ரொறன்ரோ உட்பட நான்கு சபைகளை மாகாணம் ஒரே நாளில் தன் மேற்பார்வைக்குள் எடுத்துக்கொண்டது. ட்ரஸ்டி என்ற பதவியே தேவையா என்ற கேள்வியைக் கல்வி அமைச்சர் போல் கலண்ட்ரா வெளிப்படையாகவே எழுப்பினார்.

தேவை என்பதே என் பதில். பணப்பை திரும்பி வராவிட்டாலும், ஒரு பிள்ளையை வெளியேற்றுவதா என்று முடிவெடுக்கும் மேசையில் அந்தப் பிள்ளையின் தாய் வாக்களித்து அனுப்பிய ஒருவர் இருந்தாகவேண்டும். இதை உங்கள் மாகாணசபை உறுப்பினருக்குச் சொல்லுங்கள். உங்கள் பதிவில் எந்தக் கல்விச்சபை குறிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்து, பிழையென்றால் தேர்தலுக்கு முன்பே திருத்திவிடுங்கள். வாக்குச்சாவடியில் வந்து வேட்பாளரைக் காணவில்லை என்று சண்டை பிடிக்காதீர்கள்.